தாயின் கேள்வியும் ஃபோலிங்கின் விடையும்

ஜொகூர் பாருவில் உள்ள பேரங்காடிகளில் சர்க்கரை சேர்க்காத சூயிங்கமும் குளிர்பானங்களும் அடுக்கடுக்காக விற்பனைக்கு வைக்கப்பட்டிருக்கும். அவற்றில் அஸ்பார்டேம் என்னும் இனிப்பூட்டி கலந்திருந்தால், உறையின் ஓரத்தில் பொடி எழுத்தில் ஓர் எச்சரிக்கையைக் காணலாம். அப்பொருளில் ஃபெனைலலனின் இருப்பதாக, ஃபெனைல்கீட்டோனூரியா உள்ளவர்களுக்கு அது அறிவிக்கும். பலர் அதைப் படிப்பதில்லை. படிக்க முயல்பவர்களுக்கும் அப்பெயர் எளிதில் வாயில் நுழைவதில்லை. ஆனால், அந்த எச்சரிக்கையைப் பார்த்துத்தான் உண்ண வேண்டும் என்ற நிலையில் உலகில் பல்லாயிரம் பேர் வாழ்கிறார்கள். அவர்களுடைய நோயை முதன்முதலில் கண்டறிந்தவர் நோர்வே நாட்டு மருத்துவர் அஸ்பியோர்ன் ஃபோலிங்.

ஃபோலிங் 1888-ஆம் ஆண்டு ஆகஸ்டு 23-ஆம் நாள் நோர்வேயின் நடுப்பகுதியில் உள்ள குவாம் என்னும் சிற்றூரில் பிறந்தார். அவருடைய குடும்பம் வேளாண்மையை நம்பி வாழ்ந்த குடும்பம். அவர் முதலில் மருத்துவம் படிக்கவில்லை. துரோண்ட்ஹைம் நகரிலிருந்த தொழில்நுட்பக் கழகத்தில் வேதியியல் பயின்று 1916-இல் பட்டம் பெற்றார். பின்னரே மருத்துவத்தில் நாட்டம் கொண்டு, மீண்டும் மாணவராகி, 1922-இல் மருத்துவரானார். அப்போது அவருக்கு வயது 34-ஐ நெருங்கியிருந்தது. அமெரிக்காவிற்கும் சென்று சில காலம் ஆய்வுப் பயிற்சி பெற்றுத் திரும்பினார். வேதியியலில் செலவிட்ட ஆண்டுகள் வீண் என்று அன்று யாரேனும் எண்ணியிருக்கலாம். ஆனால், அவருடைய பெயர் நிலைப்பதற்குக் காரணமே அந்த ஆண்டுகள்தாம். அவர் நோயாளியை மருத்துவரின் கண்ணாலும், சோதனைக் குழாயை வேதியியலாளரின் கண்ணாலும் பார்க்கத் தெரிந்தவர். அக்காலத்தில் அத்தகையவர்கள் மிகச் சிலரே.

1934-ஆம் ஆண்டில் போர்க்னி எகெலாந்து என்னும் தாய் தம் பிள்ளைகள் இருவரையும் அவரிடம் அழைத்து வந்தார். மூத்தவள் லிவ் ஆறு வயதைக் கடந்த சிறுமி. இளையவன் டாக் நான்கு வயதுச் சிறுவன். இருவரும் பிறந்தபோது நலமாகவே இருந்தார்கள். மற்றக் குழந்தைகளைப் போலவே பாலருந்தினார்கள். ஆனால், மாதங்கள் செல்லச் செல்ல அவர்களின் வளர்ச்சி பின்தங்கியது. லிவ் சில சொற்களை மட்டுமே பேசினாள். அவளுடைய நடையும் இயல்பாக இல்லை. டாக் பேசவும் இல்லை, நடக்கவும் இல்லை.

அத்தாய் ஏறி இறங்காத மருத்துவமனை இல்லை. அவர் எல்லா மருத்துவர்களிடமும் தவறாமல் ஒன்றைக் கேட்டு வந்தார். பிள்ளைகளின் உடலிலிருந்து ஒரு விசித்திரமான வாடை வீசிக்கொண்டே இருந்தது. குளிப்பாட்டினாலும் அது போகவில்லை. அந்த வாடைக்கும் பிள்ளைகளின் நிலைக்கும் ஏதேனும் தொடர்பு இருக்குமா என்பதே அவருடைய கேள்வி. மருத்துவர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. மனம் நொந்த தாயின் கற்பனை என்று அதை ஒதுக்கிவிடுவது அவர்களுக்கு எளிதாக இருந்தது. உண்மையில், அத்தனை மருத்துவர்களும் கவனிக்கத் தவறிய தடயம் அந்த ஒரு கேள்வியில்தான் இருந்தது.

ஃபோலிங் அப்போது ஒஸ்லோவில் மருத்துவப் பணியிலும் ஊட்டச்சத்து ஆய்விலும் ஈடுபட்டிருந்தார். அவர் பிள்ளைகளைச் சோதித்துப் பார்த்தார். வளர்ச்சிக் குறைவைத் தவிர வேறு நோய்க்குறி எதுவும் தெளிவாகத் தென்படவில்லை. வழக்கமான முறையில் சிறுநீரையும் சோதித்தார். அதில் சர்க்கரையும் இல்லை, புரதமும் இல்லை. பிற மருத்துவராக இருந்திருந்தால் அத்துடன் நிறுத்தியிருப்பார். ஃபோலிங் மேலும் ஒரு சோதனை செய்தார். சிறுநீரில் ஃபெரிக் குளோரைடு என்னும் வேதிப்பொருளைச் சில துளிகள் விட்டார். நீரிழிவு முற்றியவர்களின் சிறுநீரில் கீட்டோன் இருக்கிறதா என்று அறிய அக்காலத்தில் செய்யப்பட்ட சோதனை அது. கீட்டோன் இருந்தால் ஊதா கலந்த செந்நிறம் தோன்றும். இல்லையென்றால் ஃபெரிக் குளோரைடின் பழுப்பு நிறமே நிற்கும்.

அன்று குழாயில் தோன்றியதோ அடர்ந்த பச்சை நிறம். சில நிமிடங்களில் அது மங்கி மறைந்தது. தம்பியின் சிறுநீரிலும் அதே பச்சைதான். ஃபோலிங் அதற்குமுன் அப்படியொரு மாற்றத்தைக் கண்டதில்லை; நூல்களிலும் அதைப் பற்றிய குறிப்பு இல்லை.

பிள்ளைகள் உட்கொண்ட ஏதேனும் மருந்து அந்த நிறத்தைத் தந்திருக்கலாம் அல்லவா? ஆகவே, எல்லா மருந்துகளையும் நிறுத்திவிட்டு மீண்டும் சிறுநீரைக் கொண்டுவருமாறு தாயிடம் கூறினார். மருந்தை நிறுத்திய பின்னும் பச்சை நிறம் தோன்றியது. அதன் பிறகு அத்தாய் புட்டி புட்டியாகச் சிறுநீரைச் சுமந்துகொண்டு ஆய்வுக்கூடத்திற்கு நடக்கத் தொடங்கினார். இரண்டு மாதங்களுக்கு மேலாக இது நீடித்தது. மொத்தம் ஏறத்தாழ 20 லிட்டர் சேர்ந்தது. சிறுவன் டாக்கிற்கு இயற்கைக் கடனைச் சொல்லி அறிவிக்கத் தெரியாது என்பதை நினைத்துப் பார்த்தால், அந்த 20 லிட்டருக்குப் பின்னால் இருந்த உழைப்பு ஆய்வுக்கூடத்தில் நிகழ்ந்த உழைப்பிற்குச் சற்றும் குறைந்ததன்று என்பது விளங்கும்.

ஃபோலிங்கின் கையில் இன்றைய கருவிகள் எவையும் இல்லை. சிறுநீரில் கலந்துள்ள நூற்றுக்கணக்கான பொருள்களிலிருந்து, பச்சை நிறத்தைத் தரும் ஒன்றை மட்டும் பிரித்தெடுக்க வேண்டும். அந்தப் பொருளோ காற்றுப்பட்டால் சிதையும் இயல்புடையது. அவர் பொறுமையாக அதைப் பிரித்து, தூய்மைப்படுத்தி, படிகமாக்கினார். அதன் மூலக்கூறு ஒன்றில் கார்பன் அணுக்கள் 9, ஹைட்ரஜன் அணுக்கள் 8, ஆக்சிஜன் அணுக்கள் 3 என்று கணக்கிட்டார். அக்கணக்கு ஃபெனைல் பைருவிக் அமிலத்திற்குப் பொருந்தியது. என்றாலும் அவர் மனம் நிறைவடையவில்லை. ஐயத்துக்கு இடமில்லாத ஃபெனைல் பைருவிக் அமிலத்தைத் தாம் எடுத்த படிகத்துடன் கலந்து சூடாக்கினார். இரண்டும் வெவ்வேறு பொருள்களாக இருந்தால், கலவை தாழ்ந்த வெப்பநிலையிலேயே உருகத் தொடங்கிவிடும். உருகுநிலை சிறிதும் குறையவில்லை. ஆகவே, இரண்டும் ஒன்றே என்பது உறுதியாயிற்று.

இனி அடுத்த கேள்வி எழுந்தது. இது ஒரு குடும்பத்தின் துயரம் மட்டும்தானா? அறிவுத்திறன் குறைபாடு உடையவர்கள் தங்கியிருந்த இல்லங்களை ஃபோலிங் நாடிச் சென்றார். 430 பேரின் சிறுநீரைச் சோதித்தார். அவர்களுள் எட்டுப் பேரிடம் அதே பச்சை நிறத்தைக் கண்டார். லிவ், டாக் இருவரையும் சேர்த்துப் பத்துப் பேர். அவர்களுள் உடன்பிறந்தோரும் இருந்தனர். பலர் வெளிறிய தோலும் தோல் அழற்சியும் உடையவர்கள். 1934-இல் இவற்றையெல்லாம் ஒரு கட்டுரையாக ஜெர்மானிய ஆய்விதழில் வெளியிட்டார். அறிவுத்திறன் குறைபாட்டுக்கு உடலின் வேதியியலில் ஒரு காரணம் இருக்கக்கூடும் என்பதை அக்கட்டுரை உலகிற்குக் காட்டியது. அதுவரை இத்தகைய பிள்ளைகளின் நிலையைத் தலைவிதி என்றும் பெற்றோர் செய்த பாவம் என்றும் கூறியவர்கள் நம் நாட்டில் மட்டுமல்லர், ஐரோப்பாவிலும் இருந்தார்கள்.

நோயின் தன்மையைச் சுருக்கமாகப் பார்ப்போம். நாம் உண்ணும் பால், முட்டை, மீன், பருப்பு, சோறு ஆகிய அனைத்திலும் புரதம் உண்டு. புரதம் செரிக்கும்போது அமினோ அமிலங்களாகப் பிரிகிறது. அவற்றுள் ஒன்று ஃபெனைலலனின். கல்லீரலில் உள்ள ஒரு நொதி அதை டைரோசின் என்னும் வேறோர் அமினோ அமிலமாக மாற்றிவிடும். அந்த நொதி பிறவியிலேயே வேலை செய்யாவிட்டால், ஃபெனைலலனின் இரத்தத்தில் தேங்கும். தேங்கியதில் ஒரு பகுதி ஃபெனைல் பைருவிக் அமிலமாகிச் சிறுநீரில் வெளியேறும். அதனுடன் உருவாகும் வேறொரு பொருளே அந்த வாடைக்குக் காரணம். தோலுக்கும் முடிக்கும் நிறம் தரும் பொருள் டைரோசினிலிருந்துதான் உருவாகிறது. ஆகையால் இப்பிள்ளைகள் வெளிறித் தோன்றினார்கள். எல்லாவற்றையும்விடக் கொடியது, வளரும் மூளையை அந்தத் தேக்கம் சேதப்படுத்துவது.

தாய், தந்தை இருவரும் நலமாக இருப்பார்கள். ஆனால், இருவரிடமும் பழுதுபட்ட மரபணு ஒன்று மறைந்திருக்கும். அவர்களுடைய ஒவ்வொரு குழந்தைக்கும் இந்நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. நெருங்கிய உறவுக்குள் திருமணம் செய்யும்போது, இருவரிடமும் ஒரே பழுது இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. மாமன் மகளையும் அத்தை மகனையும் மணக்கும் வழக்கமுள்ள நம்மவர்கள் இதை அறிந்திருப்பது நல்லது. ஐரோப்பாவில் ஏறத்தாழ 10,000 குழந்தைகளில் ஒன்று இந்நோயுடன் பிறக்கிறது. ஆசிய நாடுகள் பலவற்றில் இது இன்னும் அரிது. பிறவியிலேயே அமையும் இத்தகைய வளர்சிதைமாற்றப் பிழைகளைப் பற்றி ஆங்கிலேய மருத்துவர் ஆர்ச்சிபால்ட் கெரட் 1908-இலேயே விரிவுரை ஆற்றியிருந்தார். ஆனால், அவர் ஆராய்ந்தவை பெரும்பாலும் அறிவுத்திறனைத் தாக்காத குறைபாடுகள். ஃபோலிங் கண்டதோ ஒரு பிள்ளையின் வாழ்வையே திசைமாற்றும் பிழை.

நோயைக் கண்டறிந்தாயிற்று. மருந்து எங்கே? லிவ்வுக்கும் டாக்குக்கும் விடை கிடைத்தது, நலம் கிடைக்கவில்லை. மூளைக்கு நேர்ந்த சேதத்தை மீட்க வழியில்லை. இதை அத்தாயிடம் எடுத்துரைக்க வேண்டிய நிலை ஃபோலிங்குக்கு எவ்வளவு கடினமாக இருந்திருக்கும் என்பதை நாம் ஊகிக்கலாம். எனினும் அவர் ஆய்வைக் கைவிடவில்லை. இரத்தத்தில் ஃபெனைலலனின் மிகுந்திருப்பதையும், இந்நோய் பரம்பரையாக வருவதையும் தம்முடன் பணியாற்றியவர்களின் துணையுடன் அடுத்த சில ஆண்டுகளில் நிறுவினார். பழுது கல்லீரலின் நொதியில் இருப்பதைப் பின்னர் அமெரிக்காவில் ஜார்ஜ் ஜெர்விஸ் என்பவர் கண்டார்.

உணவே மருந்து என்று சொல்லிப் பழகியவர்கள் நாம். இந்நோயில் வழக்கமான உணவே நஞ்சாகிறது. தாய்ப்பாலில்கூட ஃபெனைலலனின் உண்டு. அப்படியானால் அதை நீக்கிய உணவைக் கொடுத்தால் என்ன? 1950-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் சிறுவர் மருத்துவமனையில் ஹார்ஸ்ட் பிக்கல் என்னும் மருத்துவர் அதைச் செய்து பார்த்தார். அங்கும் அவரைத் தூண்டியவர் ஒரு தாய்தான். இரண்டு வயதுகூட நிரம்பாத தம் மகளுக்கு ஏதேனும் செய்யுமாறு அந்தத் தாய் விடாமல் வேண்டிக்கொண்டே இருந்தார். பால் புரதத்தைச் சிதைத்து, அதைக் கரித்தூளின் வழியே செலுத்தி, ஃபெனைலலனினை நீக்கிய ஓர் உணவை மருத்துவர்கள் தயாரித்தார்கள்.

இந்த இடத்தில்தான் எடையைப் பற்றிய ஒரு பாடம் வெளிப்பட்டது. ஃபெனைலலனினை அறவே நீக்கியபோது, இரத்தத்தில் அதன் அளவு குறைந்தது, வாடையும் மறைந்தது. ஆனால், குழந்தையின் எடை இறங்கத் தொடங்கியது. ஏனெனில், ஃபெனைலலனின் நஞ்சு மட்டுமன்று. உடல் வளர்வதற்கு அது சிறிதளவு கட்டாயம் வேண்டும். வெளியிலிருந்து சிறிதும் கிடைக்காதபோது, உடல் தன் தசையையே கரைத்து அதை எடுத்துக்கொள்ளும். மருத்துவர்கள் உடனே சிறிதளவு பாலைச் சேர்த்தார்கள். எடை ஏறியது. அடுத்த மாதங்களில் அந்தக் குழந்தை தவழ்ந்தாள், எழுந்து நின்றாள், நாற்காலியில் ஏறினாள். முடியும் கருமை அடைந்தது. ஓயாத அழுகையும் தலையை மோதிக்கொள்வதும் நின்றன. இம்மாற்றத்திற்கு உணவுதான் காரணமா என்று உறுதிசெய்ய, தாய்க்குத் தெரியாமலேயே ஃபெனைலலனினை மீண்டும் உணவில் கலந்தார்கள். சில நாள்களிலேயே குழந்தை பழைய நிலைக்குத் திரும்பினாள். சோதனை வென்றது, இன்று எந்த மருத்துவமனையும் இதை அனுமதிக்காது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 1953-இல் இந்த முடிவுகள் வெளியாயின. பத்தொன்பது ஆண்டுகளுக்குமுன் ஃபோலிங் கண்ட நோய்க்கு வழி பிறந்தது.

அந்த உணவுமுறை இன்றும் தொடர்கிறது. அதைக் கடைப்பிடிப்பது எத்தகைய வேலை என்பதை நம் வீட்டு உணவைக்கொண்டே கணக்கிடலாம். 1 கிராம் புரதத்தில் ஏறத்தாழ 50 மில்லிகிராம் ஃபெனைலலனின் இருக்கிறது. ஒரு கோழி முட்டையில் சுமார் 6 கிராம் புரதம். அதாவது 300 மில்லிகிராம் ஃபெனைலலனின். கடுமையான பாதிப்புள்ள குழந்தை ஒன்று ஒரு நாள் முழுவதற்கும் தாங்கக்கூடிய அளவே ஏறத்தாழ அவ்வளவுதான். எனவே, நாசி லெமாக்கில் உள்ள முட்டை, நெத்திலி, நிலக்கடலை மூன்றும் விலக்கு. தோசையும் சாம்பாரும், ரொட்டி சானாயும் பருப்பும் விலக்கு. சோற்றைக்கூடத் தராசில் நிறுத்துத்தான் வைக்க வேண்டும். மரவள்ளிக்கிழங்கு, சவ்வரிசி, பூசணி, பல வகைப் பழங்கள் ஆகியவற்றில் புரதம் குறைவு; இவை கைகொடுக்கும். உடல் வளர்ச்சிக்கு வேண்டிய மற்ற அமினோ அமிலங்களை, சுவையற்ற ஒரு மாவைக் கரைத்து நாள்தோறும் குடித்துப் பெற வேண்டும்.

தராசின் மறுபக்கமும் உண்டு. புரத உணவைக் குறைத்தவர் பசியை ஆற்ற மாவுப்பொருளையும் சர்க்கரையையும் எண்ணெயையும் நாடினால் எடை அளவுக்கு மிஞ்சி ஏறும். அதைக் குறைக்கப் பட்டினி கிடந்தாலோ, உடல் தன் தசையைக் கரைக்கும். அதிலிருந்து வெளிவரும் ஃபெனைலலனின் இரத்தத்தில் ஏறும். காய்ச்சல் கண்டாலும் இதுவே நிகழும். ஆகவே, மற்றவர்களைப் போல இவர்கள் விரும்பியபோது உண்ணாமல் இருந்து உடல் இளைக்க முடியாது. மருத்துவரும் உணவியலாளரும் அளவு குறித்துக் கொடுத்தபடிதான் எடையைக் குறைக்க வேண்டும். குழந்தைப் பருவம் கடந்தால் கட்டுப்பாட்டை விட்டுவிடலாம் என்று ஒரு காலத்தில் நினைத்தார்கள். அப்படி விட்டவர்களின் கவனமும் மனநிலையும் பாதிக்கப்பட்டதைக் கண்டபின், வாழ்நாள் முழுவதும் தொடருமாறு அறிவுறுத்துகிறார்கள். தாய்மை அடைய விரும்பும் பெண்கள் இன்னும் கண்டிப்பாக இருக்க வேண்டும். அவர்களின் இரத்தத்தில் மிகும் ஃபெனைலலனின், நோயில்லாத சிசுவின் மூளையையும் இதயத்தையும்கூடத் தாக்கும்.

இவ்வளவு பாடுபட்டாலும், பிறந்த சில நாள்களுக்குள் தொடங்கினால்தான் முழுப் பயன் கிட்டும். பச்சை நிறச் சோதனையில் நோய் தெரிவதற்குள் வாரங்கள் கடந்துவிடும். இந்தக் குறையை அமெரிக்க அறிவியலாளர் ராபர்ட் கத்ரி 1960-களின் தொடக்கத்தில் நீக்கினார். அவருடைய உறவினரின் குழந்தைக்கும் இந்நோய் இருந்தது. பிறந்த குழந்தையின் குதிகாலில் குத்தி எடுத்த சில துளி இரத்தத்தை வடிதாளில் உலர்த்தி, அஞ்சலில் அனுப்பினால் போதும். ஆய்வுக்கூடத்தில் ஃபெனைலலனினின் அளவைக் கண்டுவிடலாம். பிறந்த குழந்தைகள் அனைவரையும் சோதிக்கும் வழக்கம் உலகில் பரவியதற்கு அத்தாளே முதற்காரணம். மலேசியாவில் தொப்புள்கொடி இரத்தத்தைக்கொண்டு ஜி6பிடி என்னும் நொதிக் குறைபாட்டைச் சோதிப்பது நமக்குப் பழகிய ஒன்று. அக்குறை உள்ள குழந்தையின் துணிகளுக்கிடையே அந்துருண்டை வைக்கக் கூடாது என்று ஜொகூரில் உள்ள தாய்மார்கள் பலரும் அறிவார்கள். அதுவும் பரம்பரையாக வரும் நொதிக் குறையே. உரிய நேரத்தில் தெரிந்தால் ஆபத்தைத் தவிர்க்கலாம்.

ஃபோலிங் இந்த மாற்றங்களையெல்லாம் தம் கண்ணால் கண்டார். 1953 முதல் 1958 வரை ஒஸ்லோவின் அரசு மருத்துவமனையில் உயிர்வேதியியல் பேராசிரியராகவும் ஆய்வுக்கூடத் தலைவராகவும் பணியாற்றி ஓய்வு பெற்றார். 1962-இல் அமெரிக்காவின் கென்னடி அறக்கட்டளை அவருக்குப் பரிசளித்தது. அதிபர் ஜான் எஃப். கென்னடியே அதை வழங்கினார். அதிபரின் உடன்பிறந்த சகோதரி ஒருவரும் அறிவுத்திறன் குறைபாட்டுடன் வாழ்ந்தவர். நோபல் பரிசு பெற்ற எழுத்தாளர் பேர்ல் பக்கின் மகள் 1920-இல் பிறந்தவர். அவருக்கு இருந்தது ஃபெனைல்கீட்டோனூரியா என்பது பல ஆண்டுகளுக்குப் பின்னரே தெரியவந்தது.

ஃபோலிங் தம்மைப் பற்றிப் பேசிக்கொள்ளாத இயல்புடையவர். தாம் கண்ட நோய்க்குத் தம் பெயரை அவர் சூட்டவில்லை. உலகெங்கும் வழங்கும் ஃபெனைல்கீட்டோனூரியா என்னும் பெயர் இங்கிலாந்தில் பிறந்தது. அவர் 1973-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் காலமானார். நோர்வே மக்கள் மட்டும் அதை இன்றும் ஃபோலிங் நோய் என்றே அழைக்கிறார்கள். அந்நாட்டில் பிறக்கும் குழந்தைகளின் குதிகாலிலிருந்து எடுக்கப்படும் இரத்தத்துளிகள், போர்க்னி எகெலாந்து புட்டிகளைச் சுமந்து நடந்த அதே ஒஸ்லோ நகருக்கு நாள்தோறும் வந்து சேர்கின்றன.